முதல் பிள்ளைக்கு வைத்த பெயர்

இரண்டு பெட்டிகளும் வெள்ளை. பற்பசை வரும் பெட்டியைவிடச் சற்றுப் பெரியவை. என் சம்பந்தி றொபேர் ஒன்றை எனக்கு முன்னாலும் மற்றதைக் குலம் அண்ணைக்கு முன்னாலும் வைத்துவிட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். எழுபது வயதுக்காரரின் முகத்தில் பிறந்தநாள் பிள்ளையின் சந்தோசம்.

மொன்றியலை ஒட்டிய இல்-பிசார் தீவில் அவருடைய வீட்டுச் சாப்பாட்டு மேசை அது. வெளியே பனி உருகிக் கூரை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மேப்பிள் பாகு ஊற்றி வேகவைத்த பன்றித் தொடையின் இனிப்பு வாசம் அறையை விட்டுப் போகவில்லை. மேசையைச் சுற்றி என் மகன் அருண், அவன் மனைவி சோஃபி, என் மனைவி மலர், குலம் அண்ணை, நான். சோஃபி றொபேரின் ஒரே மகள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

"உள்ளுக்க ஒரு குழாய் இருக்கு," என்றார் றொபேர். "அதுக்குள்ள துப்பி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாப் போதும். உங்கட முன்னோர் எங்கயிருந்து வந்தவை, ஆர் ஆருக்குச் சொந்தம், எல்லாம் சொல்லுவினம். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் துப்பினா இன்னும் நல்லது."

அவர் சொன்னது பிரெஞ்சில். இந்தக் கட்டுரையில் எல்லாரையும் யாழ்ப்பாணத் தமிழில் கதைக்க விட்டிருக்கிறேன். றொபேர் மன்னிப்பார்.

குலம் அண்ணை பெட்டியைக் கையால் தொடவில்லை. "இண்டைக்கு வாய் காஞ்சுபோய்க் கிடக்கு. பேந்து பாப்பம்," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேசைக்குக் கீழே மலரின் கால் என் காலை அழுத்திக்கொண்டிருந்தது.

ஏனென்றால் நான் குலம் அண்ணையின் தம்பி இல்லை. அந்த வீட்டில் அது தெரிந்தவர்கள் மூன்று பேர். என் மகனுக்குத் தெரியாது.

போன வாரம் மெட்ரோவில் சப்பாத்தைத் தொலைத்த கதையைப் படித்துவிட்டு, "பகிடி எழுதினது காணும், ஒருக்கா உண்மையான விசயம் எழுதுங்கோ" என்று ஒரு வாசகி சொல்லியிருந்தார். சரி, எழுதுகிறேன். இந்தத் தொடரில் வரும் பெயர்கள் எல்லாம் மாற்றிய பெயர்கள்தான். பெயர் மாற்றுவது எனக்குப் பழகிய வேலை.

வாய்ப்பாடு மாதிரி ஒரு குடும்பம்

கனடாவுக்கு வருமுன் நான் ஜெர்மனியில் இருந்தேன். அகதிகளை வைத்திருந்த ஒரு பழைய பாடசாலைக் கட்டடம். ஒரு அறைக்கு ஆறு கட்டில். என் கட்டிலுக்கு மேலே நேசன், பக்கத்துக் கட்டிலில் அவனுடைய அண்ணன் குலம். இருவரும் உடுப்பிட்டி. நான் வேலணை. நேசனுக்கும் எனக்கும் ஒரே வயது, ஏறக்குறைய ஒரே உயரம். ஒரே ஒரு குளிர்ச்சட்டையை இருவரும் மாறி மாறிப் போட்டிருக்கிறோம்.

அண்ணன் தம்பி இருவருக்கும் கனடாவுக்கு வர வழி கிடைத்திருந்தது. எனக்கோ ஜெர்மனியில் இருக்க இடமில்லை, திரும்பிப் போ என்று கடிதம் வந்திருந்தது. அப்போது பார்த்து ஊரில் நேசனின் அம்மாவுக்குக் கடும் வருத்தம், படுத்த படுக்கை என்று செய்தி வந்தது. நேசன் கடைக்குட்டி, அம்மாவின் செல்லம். யார் சொல்லியும் கேட்காமல் போனான். கொழும்பில் இறங்கினான் என்பது வரைக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. அம்மா சுகமாகி எழும்பினா. மகன் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

புறப்படும் நாள் நெருங்கியது. நேசனின் கனடாக் கடதாசிகள் அண்ணனிடம் கிடந்தன. குலம் அண்ணை கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நேசன் வந்தாப் பேந்து பாப்பம். இப்ப நீ நேசன்."

மூன்று நாட்களில் நான் ஒரு குடும்பத்தைப் பாடமாக்கினேன். அப்பா கந்தையா, தபாற்கந்தோரில் வேலை, கூடப் பேசமாட்டார், நாங்கள் சின்னனாக இருக்கும்போதே செத்துப்போய்விட்டார். அம்மாவின் இடது புருவத்தில் ஒரு தழும்பு. கிணறு வீட்டுக்குப் பின்னால், பங்குக் கிணறு. நாயின் பெயர் வீமன். குலம் அண்ணை கேள்வி கேட்பார், நான் பதில் சொல்வேன், பிழைத்தால் திரும்பவும் முதலில் இருந்து. இன்றைக்கும் உடுப்பிட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போவேன். அந்த மண்ணில் நான் காலே வைத்ததில்லை.

மொன்றியலில் வந்து இறங்கியபோது அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குலம் அண்ணை என் தோளில் கைபோட்டார். "என்ர தம்பி," என்றார். தமிழில்தான் சொன்னார். அதிகாரிக்கு விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை. ரோட்டில் போகிற பெடியனையும் தம்பி என்று கூப்பிடுகிற மனிதர். கடைக்காரனைத் தம்பி என்பார், பஸ் சாரதியைத் தம்பி என்பார். என்னை மட்டும் எப்போதும், நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போதும், நேசன்.

சுவர் நிறைய ஜெர்மன்காரர்

யாழ்ப்பாணத்தார் கூடும் இடங்களுக்குப் போக எனக்கு எப்போதும் பயம். எங்கள் ஆட்களுக்குக் குழாயும் துப்பலும் தேவையில்லை. "எந்த ஊர்? ஆரின்ர மகன்? கோயிலடியோ, சந்தையடியோ?" மூன்று கேள்வியில் மூன்று தலைமுறையைத் தோண்டி வெளியே போட்டுவிடுவார்கள். உடுப்பிட்டி ஆட்கள் இருக்கும் கல்யாணம் என்றால் எனக்கு முதல் நாளே காய்ச்சல் வரும்.

அதனால்தான் அருண் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டப்போகிறேன் என்றபோது, மலர் அழுதாள், நான் உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன். இனி யார் ஊரைக் கேட்கப் போகிறார்கள்?

கடவுளுக்குப் பகிடி பிடிக்கும். கியூபெக் முழுவதிலும் முன்னோரைத் தேடும் விசர் பிடித்த ஒரு மனிதரை எனக்குச் சம்பந்தியாகத் தந்தார்.

றொபேர் சென்ட் லோரன்டில் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்தவர். ஒரு மயிரிழை பிழைத்தாலும் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்பச் செய்கிற கை. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கை சும்மா இருக்கவில்லை. நிலக்கீழ் அறையின் ஒரு சுவர் முழுவதும் காகிதம் ஒட்டி, தன் வம்சத்தைக் கீறத் தொடங்கியது. வாயால் பிரெஞ்சு கதைத்தாலும் அவர்கள் குடும்பப் பெயர் ஜெர்மன் பெயர். வாசற்கதவில் பித்தளைத் தகட்டில் வெட்டிப் பதித்திருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் மினுக்குவார்.

நானும் ஜெர்மனியிலிருந்து வந்தவன் என்று அருண் சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. சுவரில் என் பெயருக்குப் பக்கத்தில் "ஜெர்மனியிலிருந்து" என்று எழுதிவிட்டார். என் பேரப்பிள்ளைக்கு இரண்டு பக்கமும் ஜெர்மன் வழி.

ஆனால் எங்கள் பக்கத்துச் சுவர் வெறிச்சென்று கிடந்தது. அவர் பக்கம் ஏழு தலைமுறை. எங்கள் பக்கம் அருண், நான், எனக்கு மேலே கந்தையா. அதற்கு மேல் வெள்ளைக் காகிதம். பிள்ளை பிறக்கமுன் அதை நிரப்பத்தான் அந்த இரண்டு பெட்டிகளும்.

எலுமிச்சை மணம்

என் சொந்த அப்புவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் வேலணையில் புகையிலை போட்டவர். விரல் நுனிகள் எப்போதும் கறுத்திருக்கும். நான் கனடாவுக்கு வந்து சில வருடங்களில் அவர் மோசம் போன செய்தி, ஒன்றரை மாதம் பழசாகி, கடிதத்தில் வந்தது.

அப்போது எனக்குக் கோட்-டெ-நெய்ஜில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. கடிதத்தை உடுப்பு மாற்றும் அறையில் வைத்துப் படித்தேன். மேற்பார்வையாளர் நல்ல மனுசி. தகப்பன் செத்துவிட்டார் என்றால் மூன்று நாள் லீவு தந்திருப்பா. ஆனால் என் கடதாசிகளில் தகப்பன் கந்தையா எப்போதோ செத்துப்போன மனிதர். ஒருவனுக்கு அப்பா இரண்டு தரம் சாக முடியாது.

நான் வாளியில் தண்ணீர் பிடித்தேன். மூன்றாம் மாடி நடையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் துடைத்தேன். அந்தச் சவர்க்காரத் தண்ணீரில் எலுமிச்சை மணம் வரும். இன்றைக்கும் யாராவது தேத்தண்ணிக்குள் எலுமிச்சம்பழம் பிழிந்தால் நான் எழும்பி வெளியே போய்விடுவேன். மலர் மட்டும் ஏன் என்று கேட்கமாட்டாள்.

வருடா வருடம் ஆடி அமாவாசைக்குக் குலம் அண்ணையும் நானும் முருகன் கோயிலுக்குப் போவோம். தகப்பனை இழந்த பிள்ளைகள் அன்று விரதம் இருந்து, தகப்பன் பெயரில் மோட்ச அர்ச்சனை செய்வது வழக்கம். ஐயர் பெயர் கேட்பார். குலம் அண்ணை "கந்தையா" என்பார். இரண்டு பிள்ளைகளும் கும்பிடுவோம். நான் கண்ணால் காணாத ஒரு தபாற்கந்தோர் மனிதருக்காக முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கும்பிட்டிருக்கிறேன். அவருக்கு நல்ல மோட்சம் கிடைத்திருக்கும். என் அப்புவின் பெயரை எந்த ஐயரிடமும் சொன்னதில்லை.

தவளையும் தன் வாயும்

பெட்டி தந்து இரண்டு ஞாயிறு கழித்து றொபேர் என்னை நிலக்கீழ் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். துப்பினீர்களா என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவருக்கு வேறு கவலை.

"பதினொரு வருசம், நேசன். இந்த ஆளைப் பதினொரு வருசமாத் தேடுறன்."

அவர் விரல் சுவரின் உச்சியில் நின்றது. பீற்றர். றொபேரின் குடும்பத்தில் கனடாவுக்கு முதல் வந்தவன். கப்பல் பட்டியலில் இரண்டு சகோதரர்கள்: யோஹான், பீற்றர். தகப்பன் பெயர் ஜோர்ஜ், கமக்காரன். இங்கே பீற்றரின் கல்யாணப் பதிவிலும் தகப்பன் ஜோர்ஜ்தான். ஆனால் ஜெர்மனியில் அந்தக் கிராமத்துத் தேவாலயப் புத்தகத்தில் ஜோர்ஜின் மகன் பீற்றர் ஏழு வயதில் காய்ச்சலில் இறந்துவிட்டான். அடக்கம் செய்த பதிவும் இருக்கிறது.

"ஏழு வயசில செத்தவன் இருவது வயசில எப்பிடிக் கப்பல் ஏறுவான்? பாதிரியார் பிழை விட்டிருக்கிறார். வேற புத்தகம் ஒண்டு எங்கயோ இருக்கவேணும்."

நான் பீற்றருக்குக் கீழே பார்த்தேன். எட்டுப் பிள்ளைகள். மூத்தவன் மத்தியாஸ். எட்டுப் பிள்ளைக்கும் ஞானத்தகப்பன் யோஹான்.

பேசாமல் இருந்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"உங்கட ஆக்கள் மூத்த மகனுக்கு ஆரின்ர பேர் வைக்கிறவை?"

"தகப்பன்ர தகப்பன்ர பேர். அந்தக் கிராமத்தில எல்லா வீட்டிலயும் அப்பிடித்தான்."

"அப்ப பீற்றர்ர மூத்தவன் ஜோர்ஜ் எல்லோ? ஏன் மத்தியாஸ்?"

றொபேர் தோளைக் குலுக்கினார். அதை அவர் யோசித்ததில்லை. அந்தப் பீற்றரை எனக்குத் தெரியும். அவன் எந்தக் கட்டிலில் படுத்திருந்தான், எத்தனை நாள் பாடமாக்கினான் என்பது வரைக்கும் தெரியும்.

"றொபேர், மனிசன் கடதாசியில தன்ர பேரை மாத்துவான். தகப்பன்ர பேரையும் மாத்துவான். ஆனா முதல் பிள்ளையைக் கையில வாங்கேக்க அவனுக்குப் பொய் வராது. செத்த பிள்ளையின்ர கடதாசியில வேற ஒரு பெடியன் கப்பல் ஏறியிருக்கிறான். யோஹான் அவனைத் தம்பி எண்டு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அந்தக் கிராமத்தில மத்தியாஸ்ர மகன் ஒருத்தன் காணாமப் போயிருப்பான். அவனைத் தேடுங்கோ."

அவர் விரல் பீற்றரிலிருந்து மத்தியாசுக்கு இறங்கியது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப என்ர பேர் என்ர பேர் இல்லையெண்டு சொல்லுறியள்."

விளக்கை அணைத்துவிட்டு மேலே ஏறிப் போனார். காருக்குப் போகும்போது கதவிலிருந்த பித்தளைத் தகட்டை நான் பார்க்கவில்லை.

"சம்பந்தி வீட்டில போய் வாயை வைச்சுக்கொண்டு இருக்கேலாதோ உங்களுக்கு?" என்று மலர் வீடு வரும்வரை பேசினாள்.

படகு மறுகரை போவதற்குள்

வைகாசி முடிய எங்கள் பேத்தி பிறந்தாள். மீரா என்று பெயர் வைத்தார்கள். இரண்டு பக்கத்தார் வாயிலும் நுழையும் பெயர், எந்தப் பாட்டன் பூட்டன் பெயரும் இல்லை. ஆஸ்பத்திரியில் றொபேர் என்னோடு கைகுலுக்கினார், காலநிலை பற்றிக் கதைத்தார். வேறொன்றும் இல்லை. மனிதரைப் புண்படுத்திவிட்டேன் என்று எனக்கு மனம் அடித்துக்கொண்டது.

ஒரு நாள் அவரே ஃபோன் எடுத்தார். "வாங்கோ, படகில போவம்."

கோடைகாலத்தில் இல்-பிசாரிலிருந்து ஆற்றைக் கடந்து லவாலுக்கு ஒரு சின்னப் படகு ஓடும். சில கார்கள் மட்டும் ஏறும். சில நிமிடங்களில் மறுகரை. நாங்கள் காரை ஏற்றிவிட்டு, இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். டீசல் புகையும் பாசி வாசமும் கலந்து வந்தது.

"கிடைச்சிட்டான்," என்றார் றொபேர். "பட்டாளத்துக்கு ஆள் எடுத்த பட்டியல். ஆடம், நெசவாளி மத்தியாஸ்ர மகன். கூப்பிட்ட நேரம் ஆள் இல்லை எண்டு எழுதியிருக்கு. யோஹான் கப்பல் ஏறின அதே வருசம். பீற்றர் இஞ்ச வந்து நெசவு செய்தவன் எண்டு எனக்கு முந்தியே தெரியும். கமக்காரன்ர மகனுக்குத் தறி எப்பிடித் தெரியும் எண்டு நான் ஒருநாளும் யோசிக்கேல்லை."

அவர் கண் கலங்கியிருந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

"கோவமோ?" என்று கேட்டேன்.

"முதல்ல கோவம். பேந்து நினைச்சன், யோஹான் அவனை விட்டிட்டு வந்திருந்தா நான் இல்லை, சோஃபி இல்லை, மீரா இல்லை."

படகு பாதி ஆற்றில் இருந்தது. றொபேர் என் பக்கம் திரும்பவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்:

"நேசன், உங்கட அப்பாவின்ர பேர் கந்தையா. ஆனா உங்கட முதல் பிள்ளைக்கு அருணாசலம் எண்டு வைச்சிருக்கிறியள்."

அருணின் முழுப் பெயர் அருணாசலம். பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியராலும் உச்சரிக்க முடியாத பெயர். "ஏன் எனக்கு இந்தக் கிழட்டுப் பேரை வைச்சனீங்கள்?" என்று பதினைந்து வயதில் என்னோடு சண்டை பிடித்தான். சாமி பெயர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அது என் அப்புவின் பெயர்.

மறுகரை நெருங்கிக்கொண்டிருந்தது. பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. முப்பத்தைந்து வருடப் பழக்கமும் இருந்தது. ஆனால் இந்த மனிதர் தன் பித்தளைத் தகட்டையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் போல எனக்குப் பட்டது. அவருக்கு முன்னால் எனக்குப் பொய் வரவில்லை.

"அண்ணையிட்டக் கேட்டுத்தான் சொல்லவேணும்," என்றேன்.

றொபேர் தலையாட்டினார். "கேளுங்கோ. யோஹானிட்டயும் ஆரும் ஒருக்காக் கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"அப்ப நேசன்?"

குலம் அண்ணை கல்யாணம் கட்டவில்லை. சென்ட் லோரன்டில் எங்கள் வீட்டுக்குக் கீழ்மாடியில் இருக்கிறார். சின்ன வயதில் அருணைத் தினமும் காலையில் கையில் பிடித்துக் குழந்தைகள் பகல் காப்பகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். சாப்பாடு எங்களோடு.

நான் போனபோது அவர் குசினி மேசையில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். படகில் நடந்ததைச் சொன்னேன். அருணுக்கு உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். என் அப்புவின் பெயரைப் பேத்தியின் சுவரில் எழுதவேண்டும் என்றேன். அவர் இலையை உருவுவதை நிறுத்தவில்லை.

"அப்ப நேசன்?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"நீ நேசன் இல்லையெண்டு சொன்னா, என்ர நேசன் எங்க?" அவர் இலையைக் கீழே வைத்தார். "இவ்வளவு காலமும் அவன் இருந்தவன். அவனுக்கு லைசென்ஸ் கிடைச்சது. அவன் கல்யாணம் கட்டினவன். அவனுக்குப் பெடியன் பிறந்தது. அவனுக்கு வயித்தில ஒப்பரேசன் செய்ய நான் வெளியில இருந்து முழிச்சனான். எல்லாம் அவனுக்கு நடந்த மாதிரித்தான் நான் பாத்துக்கொண்டு வந்தனான். உயிரோட இருக்கிறவனுக்கு ஆரும் அந்தியேட்டிக் கிரியை செய்வினமே? நான் செய்யேல்லை. இப்ப நீ வந்து அவனைச் சாகச் சொல்லுறாய்."

நான் அவருடைய தம்பியின் இடத்தில் இருந்து பிழைத்தேன் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அந்த இடத்தில் அவர் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஒரு நாளாவது யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது.

ஒன்பது நாள் அவர் மேலே சாப்பிட வரவில்லை. மலர் சோற்றைக் கோப்பையில் கொண்டுபோய் வைப்பாள். கோப்பை கழுவித் திரும்பி வரும், ஆள் வராது. இதோடு இந்த உறவு முடிந்தது என்றே நான் பயந்தேன்.

பத்தாம் நாள் மத்தியானம் கதவைத் திறந்துகொண்டு வந்து சாப்பாட்டு மேசையடியில் தன் கதிரையில் இருந்தார்.

"பெடியனுக்குச் சொல்லு. அவனுக்குச் சொந்தப் பாட்டன்ர பேர் தெரியாமல் இருக்கிறது பாவம்."

அந்த ஞாயிறு அருணுக்குச் சொன்னேன். முடிந்ததும் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அப்ப பெரியப்பா என்ர பெரியப்பா இல்லையா?"

"அதை நீதான் சொல்லவேணும், அப்பன்."

அவன் எழும்பி, மலரின் மடியிலிருந்த மீராவைத் தூக்கிக்கொண்டு கீழ்மாடிக்கு இறங்கினான். நான் படியில் நின்று கேட்டேன். கதவு திறக்கும் சத்தம். பிறகு அருணின் குரல், ஒவ்வொரு ஞாயிறும் கேட்கும் அதே குரல்:

"பெரியப்பா, இவவைக் கொஞ்சம் பிடியுங்கோ. நான் காரை எடுத்துக்கொண்டு வாறன்."

படியிலேயே இருந்துவிட்டேன்.

இந்த வருடத்து ஆடி அமாவாசை

றொபேரின் சுவரைப் போய்ப் பார்த்தேன். பீற்றருக்கு மேலே மத்தியாஸ் என்று எழுதியிருந்தார். ஆனால் ஜோர்ஜையும் யோஹானையும் அழிக்கவில்லை. யோஹானுக்கும் பீற்றருக்கும் நடுவே பென்சிலால் ஒரு புள்ளிக்கோடு. "அண்ணன் தம்பி எண்டு செத்தவங்களைப் பிரிக்க நான் ஆர்?" என்றார். எங்கள் பக்கத்துச் சுவருக்கு முன்னால் பென்சிலை என்னிடம் நீட்டினார். அருணாசலம் என்று தமிழில் எழுதினேன். கந்தையாவையும் அழிக்கவில்லை. புள்ளிக்கோட்டை அவரே கீறினார், கடைசல் வேலைக்காரரின் நேர்க்கோடு.

கதவில் பித்தளைத் தகடு அப்படியே இருக்கிறது. சனிக்கிழமைகளில் மினுக்கப்படுகிறது. அந்த இரண்டு வெள்ளைப் பெட்டிகளில் ஒன்றில் மலர் ஊசிநூல் வைத்திருக்கிறாள். மற்றது குலம் அண்ணையிடம், உடைக்காமல். அவருக்கு இன்னும் வாய் காய்ந்துபோய்த்தான் கிடக்கிறதாம்.

ஆடி அமாவாசைக்கு வழக்கம்போல் கோயிலுக்குப் போனோம். நல்ல வெயில். கோயில் நிறைய எங்கள் வயதுக்காரர். வீட்டில் மலர் விரதச் சமையல் வைத்திருந்தாள். கசப்பென்றாலும் அன்று காத்தோட்டிக்காய் சாப்பிடவேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். தமிழ்க் கடையில் உறைய வைத்து வரும் அதை அண்ணைக்காக முதல் நாளே வாங்கி வைத்திருந்தோம்.

எங்கள் முறை வந்தது. ஐயர் எங்களை வருடக்கணக்காக அறிந்தவர்.

"கந்தையா தானே?"

"ஓம் ஐயா, கந்தையா," என்றார் குலம் அண்ணை. கொஞ்சம் நிறுத்தினார். "அருணாசலம்."

ஐயர் திருப்பிச் சொன்னார். முதன்முதலாக என் அப்புவின் பெயர் ஒரு சந்நிதியில், மணிச் சத்தத்துக்கு நடுவில், உரத்துக் கேட்டது. நான் அழுதேன். துடைக்கவும் இல்லை.

முடிந்தது என்று நினைத்து நகர்ந்தேன். குலம் அண்ணை நகரவில்லை. இரண்டு கைகளையும் நெஞ்சில் சேர்த்தபடி நின்றார்.

"இன்னொரு பேரும் இருக்கு ஐயா," என்றார். "சிவநேசன்."

ஐயரின் கை மணியில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நேசனின் அந்த முழுப் பெயருக்கு, போன மாதம்தான் இதே இடத்தில், பிறந்தநாள் அர்ச்சனை செய்து என் நெற்றியில் திருநீறு பூசியவர். நான் தலையை ஆட்டினேன். அவர் கண்ணை மூடி அந்தப் பெயரைச் சொன்னார்.

நான் கும்பிட்டேன். மேல் கட்டிலில் படுத்திருந்து, தன் குளிர்ச்சட்டையை எனக்கு எறிந்தவனை நினைத்துக் கும்பிட்டேன்.

வெளியே வந்து சப்பாத்துப் போடும் இடத்தில் குலம் அண்ணைக்குக் குனிய முடியவில்லை. நான் குனிந்து அவருடைய கயிற்றைக் கட்டிவிட்டேன். எழும்பும்போது அவர் கை என் தோளில் இருந்தது. அன்று அதிகாரிக்கு முன்னால் கை வைத்த அதே தோள்.

"வா தம்பி," என்றார். "மலர் பாத்துக்கொண்டிருக்கும்."